நாலாவது கட்டாயம் ஆண்தானா?

கேள்வி: எனக்கு மூன்றும் பெண் குழந்தைகள். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. "நாலும் பெண்ணாகப் பிறக்க 16இல் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது. அதனால் அடுத்தது ஆண்தான்" என்று கணக்குச் சொல்கிறார் என் மாமனார். இது சரியா? (ஒரு வாசகி, பொள்ளாச்சி)

பதில்: தப்பு, சகோதரி. 16இல் 1 என்பது என்னவோ உண்மைதான். ஆனால் அது உங்கள் முதல் பிரசவத்துக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு. நான்கு குழந்தைகள் ஆணும் பெண்ணுமாகப் பிறக்கக்கூடிய வரிசைகள் மொத்தம் 16. இந்தத் தொகுப்பைத்தான் கூறுவெளி என்கிறார்கள். மூன்று பெண்கள் பிறந்துவிட்ட இன்றைக்கு அதில் 14 வரிசைகள் அடிபட்டுப் போய்விட்டன. மிஞ்சியிருப்பவை இரண்டே: மூன்று பெண்ணுக்கு அப்புறம் பெண், மூன்று பெண்ணுக்கு அப்புறம் ஆண். இரண்டுக்கும் சம வாய்ப்பு. ஆக, 2இல் 1. மூத்தவள் பிறந்தபோது இருந்த அதே வாய்ப்பு. (உலக அளவில் 100 பெண்ணுக்குச் சுமார் 105 ஆண் என்று இயற்கையாகவே ஆண்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிறக்கிறார்கள். அந்தச் சின்ன வித்தியாசமும் எல்லாப் பிரசவத்துக்கும் பொது.)

"போகப்போகச் சமமாகிவிடும் என்கிறார்களே?" என்று மாமனார் கேட்கலாம். சமமாவது வேறு விதத்தில். உங்கள் மூன்று பெண்களோடு இன்னும் 1,000 பிரசவங்களைச் சேருங்கள். அதில் பாதிக்குப் பாதி, 500 பெண்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,003இல் 503 பெண்கள், அதாவது 50.15 சதவீதம். 100 சதவீதமாக இருந்தது கிட்டத்தட்டப் பாதிக்கு வந்துவிட்டது. ஆனாலும் பெண்கள் மூன்று பேர் அதிகம்தான். அதை ஈடுகட்டுவதற்காக ஓர் ஆண்கூடக் கூடுதலாகப் பிறக்கவில்லை.

இந்த மயக்கம் பழையது. மகனுக்காக ஏங்கிய சிலர், தங்களுக்குக் குழந்தை பிறக்கவிருந்த மாதத்தில் மற்றவர்களுக்கு ஆண் பிறந்தது என்று கேட்டாலே கலங்கியதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814இல் எழுதியிருக்கிறார். ஆண்கள் நிறையப் பிறந்துவிட்டால் தங்களுக்குப் பெண்தான் என்று பயந்தார்களாம்.

இன்னொன்று. குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணு கொண்டுவரும் குரோமோசோம் எக்ஸா ஒய்யா என்பதைப் பொறுத்தது. மூன்றும் பெண் என்று உங்களை யாராவது குறை சொன்னால் ஒரு நிமிடம்கூடப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். நாலாவது வேண்டுமா என்பதை உங்கள் உடம்பையும் மனசையும் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்த 16 வரிசைகளை மூத்தவளே தாத்தாவுக்கு எழுதிக் காட்டட்டும். ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு பாடம் இருக்கிறது.