மகனுக்கு ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் வந்திருக்கிறது, படிப்பை விடலாமா?

வணக்கம் அம்மா. பையனுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ், பங்க் ராக் பேண்டில் கிட்டார், இப்போது பெரிய லேபிள் ஒன்றிலிருந்து ஒப்பந்தக் காகிதம். அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "கிரீன் டே என்ன படிச்சா முன்னுக்கு வந்தாங்க?" என்று மகன் கேட்கும்போது உங்களுக்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் வளரும் பையன், அதே பகுதியிலிருந்து வந்து புகழ் பெற்ற பங்க் பேண்டான கிரீன் டேயைக் காட்டிப் பேசுவதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் வளர்ந்த ரோடியோ, பினோல் எல்லாம் உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். அந்த உதாரணத்தை மறுத்துப் பேசாதீர்கள். முழுக் கதையையும் சொல்லச் சொல்லுங்கள்.

பாட்டுக்காரர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், 1990-ல், 18 வயது ஆவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தை விட்டார். உங்கள் மகனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் பேஸ் கிட்டார் மைக் டிர்ன்ட் பள்ளிப் படிப்பை முடித்தார். அப்போது டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஜான் கிஃப்மேயர், அதே ஆண்டில் கல்லூரிக்குப் போவதற்காக பேண்டையே விட்டுவிட்டார். அவர் இடத்துக்கு வந்த ட்ரே கூல் பள்ளியைப் பாதியில் விட்டவர். அதற்கு இணையான தேர்வை எழுதித் தேறி, கம்யூனிட்டி காலேஜில் வகுப்புகளுக்குப் போனவர். ஒரே பேண்டில் நாலு பேர், நாலு விதமான முடிவு. 'படிப்பை விட்டதால் ஜெயித்தார்கள்' என்று இதிலிருந்து எப்படிச் சொல்ல முடியும்?

அவர்களுக்குக் கைகொடுத்தது வேறு. 1987-ல், 15 வயதில், வலேஹோ ஊரில் பில்லி ஜோவின் அம்மா பரிமாறும் வேலை பார்த்த உணவகத்தில் முதல் கச்சேரி. அப்பா இவருடைய பத்து வயதிலேயே புற்றுநோயில் போய்விட்டார். வீட்டில் பணம் கிடையாது. அடுத்த ஆறு வருடம் பெர்க்லியின் கில்மன் தெரு கிளப், நண்பர்கள் வீட்டு ஹால், ஊர் ஊராகப் பயணம் என்று போனது. லுக்கவுட் என்ற சின்ன உள்ளூர் லேபிளில் இரண்டு ஆல்பம் போட்டார்கள். பயணத்துக்கு வண்டி இல்லாதபோது ட்ரே கூலின் அப்பா, சின்ன டிரக் கம்பெனி நடத்தியவர், பழைய நடமாடும் நூலக வண்டி ஒன்றைப் பழுது பார்த்து, தானே டிரைவராகவும் போனார். உங்கள் வீட்டுக்காரரிடம் வேறு எதையும் சொல்ல வேண்டாம், இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

ஆக, 1993-ல் பெரிய லேபிள்கள் தேடி வந்தபோது இவர்களிடம் சொந்தமாக ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. புதுப் பாட்டுகளும் பெரும்பாலும் தயார். வார்னர் குழுமத்தின் ரிப்ரைஸ் லேபிளோடு கையெழுத்தானது. அங்கே வேலையில் இருந்த ராப் கவால்லோ என்ற இளம் தயாரிப்பாளரோடு, பெர்க்லி ஃபேன்டஸி ஸ்டுடியோவில் சுமார் மூன்று வாரத்தில் பதிவை முடித்தார்கள். பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன் செய்யும் மிக்ஸிங் முதல் தடவை பிடிக்கவில்லை, திரும்பச் செய்தார்கள். அந்த ஆல்பம், 'டூக்கி', 1994 பிப்ரவரி 1-ல் வந்தது. அன்று மூவருக்கும் 21 வயது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. மூன்று வாரத்தில் முடிந்த வேலைக்குப் பின்னால் ஆறு வருடம் இருக்கிறது. மகனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இங்கேதான் வருகிறது: கச்சேரிக்கு நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் போக, முன்பின் தெரியாதவர்கள் எத்தனை பேர் டிக்கெட் வாங்கி வருகிறார்கள்? சாக்ரமென்டோவில் போய் வாசித்தால் கூட்டம் வருமா?

அப்புறம் பணம். அட்வான்ஸ் தொகையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கொஞ்சம் அசந்துபோயிருக்கிறீர்கள். அது சம்பளம் இல்லை. பின்னால் வரப்போகும் ராயல்டியிலிருந்து லேபிள் முதலில் கழித்துக்கொள்ளும் முன்பணம். ஒரு கணக்குக்கு ஒரு லட்சம் டாலர் என்று வையுங்கள். மேனேஜருக்கு 15 சதவீதம் என்றால் 15,000. ஸ்டுடியோ, தயாரிப்பாளர், மிக்ஸிங் எல்லாம் சேர்த்து 45,000. வழக்கறிஞருக்கு 5,000. மீதி 35,000-ஐ நாலு பேர் பிரித்தால் தலைக்கு 8,750, அதற்கு மேல் வரி. ஆல்பம் நன்றாக விற்றாலும், அட்வான்ஸ் முழுக்கக் கழியும்வரை ராயல்டி என்று ஒரு டாலர் கைக்கு வராது. விற்காவிட்டால் பொதுவாகக் கைக்காசைத் திருப்பிக் கட்டச் சொல்ல மாட்டார்கள் என்பது ஒரு ஆறுதல்.

காகிதத்தில் 'அடுத்த ஆல்பங்கள்' என்று வரும் பகுதியைக் கவனமாகப் பாருங்கள். அடுத்ததை வெளியிடலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது லேபிள். பேண்டுக்கு அந்த உரிமை பெரும்பாலும் இருக்காது. கச்சேரி வருமானத்திலும் டி-ஷர்ட் விற்பனையிலும் லேபிளுக்குப் பங்கு கேட்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பாட்டு எழுதியவர் யார் என்ற பங்கீட்டை பேண்டுக்குள் இப்போதே எழுதி வைக்கட்டும். 'டூக்கி'யில் பெரும்பாலான பாட்டுகளின் வரிகள் பில்லி ஜோ பெயரிலும் இசை மூவர் பெயரிலும் இருக்கிறது. நட்பு நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

சின்ன லேபிள் என்றால் எல்லாம் நியாயமாக நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ராயல்டி ஒழுங்காக வரவில்லை என்று 2005-ல் கிரீன் டே தன் பழைய ஆல்பங்களை லுக்கவுட்டிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது.

ஜெயித்த பேண்டையே பேசிக்கொண்டிருந்தால் போதாது. அதே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஜாப்ரேக்கர் என்ற பேண்டுக்கு நல்ல பெயர் இருந்தது. கெஃபன் என்ற பெரிய கம்பெனியின் டிஜிசி லேபிளில் சேர்ந்து 1995-ல் ஆல்பம் போட்டார்கள். பழைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள், புது ரசிகர்கள் வரவில்லை, அடுத்த ஆண்டே பிரிந்தார்கள். திறமைக் குறைவு காரணமில்லை. கிரீன் டேக்கும் இந்தச் செலவு இருந்தது: பெரிய லேபிள் பேண்டுகளுக்கு மேடை தருவதில்லை என்பது கில்மன் கிளப்பின் விதி, அதனால் தாங்கள் வளர்ந்த இடத்திலேயே வாசிக்க முடியாமல் போனது. 2015-ல்தான், ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக, திரும்ப அங்கே வாசித்தார்கள். உங்கள் மகனுக்கும் நண்பர்களிடமிருந்து 'விலை போயிட்டே' என்ற பேச்சு வரும். 19 வயதில் அது பணக் கணக்கை விட வலிக்கும். வீட்டிலும் கதவு சாத்தியிருந்தால் பையன் எங்கே போவான்?

குடி, போதை பற்றிய உங்கள் பயத்துக்கு ஒரு வார்த்தை. கில்மன் கிளப்பில் மது கிடையாது, எல்லா வயதினரும் போகலாம், தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். மகன் அங்கேதான் வாசிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள்.

சரி, என் யோசனை என்ன? வழக்கறிஞர் பார்த்துச் சரி என்றால் கையெழுத்துப் போடட்டும். படிப்பை விட வேண்டாம், நிறுத்தி வைக்கட்டும். தி ஆஃப்ஸ்பிரிங் பேண்டின் டெக்ஸ்டர் ஹாலண்ட், 1994-ல் ஆல்பம் பெரிய வெற்றி பெற்றபோது யுஎஸ்சி பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் ஆய்வு மாணவர். ஆய்வை நிறுத்திவிட்டுப் போனவர், 2017-ல் திரும்ப வந்து பிஎச்.டி. வாங்கினார். டிசென்டென்ட்ஸ் பேண்டின் மைலோ ஆக்கர்மன் முதலில் படித்தார், டியூபான்ட் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை பார்த்தார், 2016-க்குப் பிறகு முழுநேரமாகப் பாட வந்தார். மகனுக்கு இந்தப் பெயர்கள் நிச்சயம் தெரியும். நீங்கள் சொன்னால் கொஞ்சம் திகைப்பான், அதுவும் நல்லதுதான்.

நிறுத்தி வைப்பதற்கு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு விதி. எத்தனை செமஸ்டர் விடுப்பு, திரும்பச் சேரப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா, உதவித்தொகை நிற்குமா என்பதை ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள். வகுப்புக்குப் போகாமலே நின்றுவிட்டால் எஃப் கிரேடு விழும், பின்னால் அதைத் துடைப்பது கஷ்டம். அரசுக் கல்விக்கடன் இருந்தால், படிப்பை நிறுத்திய ஆறு மாதத்தில் பொதுவாகத் தவணை தொடங்கிவிடும். மருத்துவக் காப்பீட்டுக்குக் கவலை வேண்டாம், 26 வயதுவரை உங்கள் பாலிசியிலேயே இருக்கலாம். பையன் இங்கேயே பிறந்தவன் என்பது பெரிய நிம்மதி. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை என்றால் கச்சேரிக்குக் காசு வாங்குவதே சிக்கலாகியிருக்கும்.

வழக்கறிஞர், இசைத்துறை ஒப்பந்தம் தெரிந்தவராக இருக்க வேண்டும். வீடு வாங்கும்போது பார்த்த வக்கீல் போதாது, லேபிள் கைகாட்டும் ஆள் வேண்டவே வேண்டாம். யாரையும் தெரியாவிட்டால் கலிஃபோர்னியா லாயர்ஸ் ஃபார் த ஆர்ட்ஸ் அமைப்பை அணுகினால் பொருத்தமான ஒருவரைக் காட்டுவார்கள். அந்தக் கட்டணத்தை நீங்களும் அப்பாவும் கொடுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து" என்று லேபிள் அவசரப்படுத்தினால், இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று வக்கீலையே பதில் போடச் சொல்லுங்கள். அதற்குள் விடுப்புப் படிவத்தை வாங்கி, இந்த செமஸ்டர் தேர்வுகளை எழுதி முடிப்பதாக மகனிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.