குளத்துக் கொடுவா எங்கே போகிறது?

கேள்வி: முத்துப்பேட்டைப் பக்கம் பழைய இறால் குளத்தில், உப்பங்கழியில் பிடித்த கொடுவாக் குஞ்சுகள் என்று வாங்கி விட்டேன். அப்போது தலையில் வெள்ளைக் கோடுகள் இருந்தன. இப்போது கோடுகளையும் காணோம், பாதி மீனையும் காணோம். ஒன்றுகூடச் செத்து மிதக்கவில்லை. களவா மீன் குஞ்சைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா? இரவில் யாராவது வலை வீசுகிறார்களா?

பதில்: விற்றவர் ஏமாற்றவில்லை என்றே தோன்றுகிறது. சிறு கொடுவாவின் உடல் பழுப்பாக, திட்டுத்திட்டாக இருக்கும். தலையிலும் பிடரியிலும் மூன்று வெள்ளைக் கோடுகள் ஓடும். பத்து சென்டிமீட்டரைத் தாண்டி வளர வளர அவை மறைந்து, முதுகு பச்சை கலந்த சாம்பலாகவும் வயிறு வெள்ளியாகவும் மாறும். சந்தேகம் தீர ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். களவாவின் முதுகுத் துடுப்பு ஒரே தொடராக இருக்கும். கொடுவாவுக்கு நடுவில் ஆழமாக வெட்டுப்பட்டு இரண்டு போலத் தெரியும். கண்ணுக்கு மேலே நெற்றி உள்வாங்கியிருக்கும், வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். இரவில் டார்ச் அடித்தால் பெரிய மீனின் கண் செந்தணலாக மின்னும். செவுள் மூடியின் ஓரம் கையைக் கிழிக்கும், கவனம்.

திருடன் வெளியிலிருந்து வந்தவனாக இருக்க வேண்டியதில்லை. கொடுவா தன் இனத்தையே தின்னும். தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குள்ள மீனைக்கூட முழுதாக விழுங்கிவிடும். பிறகு எது மிதக்கும்? கழியில் பிடித்த குஞ்சுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. முந்தி வளர்ந்த நாலைந்து மீன்கள் போதும், மற்றவற்றின் கதையை முடித்துவிடும். நீர்க்காகமும் கொக்கும் கொஞ்சம் எடுத்திருக்கலாம். ஆனால் பக்கத்துக் குளத்துக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒருமுறை வலை இழுத்து, மீன்களின் அளவைப் பாருங்கள். நாலைந்து மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகப் பெருத்திருந்தால் விடை அங்கேயே இருக்கிறது.

பெரியவற்றை வேறு குளத்துக்கோ வலைக்கூண்டுக்கோ மாற்றுங்கள். அடுத்த முறை குஞ்சுகளை நேரே குளத்தில் கொட்டாமல், பத்து சென்டிமீட்டர் தாண்டும்வரை சிறுகண்ணி வலைத்தொட்டியில் வளர்த்து, சில நாளுக்கு ஒருமுறை அளவுவாரியாகப் பிரித்துவிடுங்கள். சலிப்பான வேலைதான்; இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. தீவனமும் குறையக்கூடாது, பசித்த கொடுவா பக்கத்து மீனைத்தான் முதலில் பார்க்கும். பொரிப்பகக் குஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள், அளவு ஓரளவு ஒத்திருக்கும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இலேயே கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யவைத்துவிட்டது.

குளத்திலேயே குஞ்சு பொரித்துக் குறை தீரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுகிறது. முட்டையிடுவதும் முகத்துவாரத்தை ஒட்டிய உப்புநீரில்தான். இருப்பவற்றுக்கு இரையாகக் கொஞ்சம் ஜிலேபி கெண்டையை விட்டு வையுங்கள்.