54 வயதில் முதல் பந்தயம்

வணக்கம்.

எனக்கு 54 வயது. டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தால் மூட்டு வலித்தது, சைக்கிளுக்கு மாறினேன். நான்கு வருடம் ஆகிறது. இப்போது வாரத்துக்கு 150 கிலோமீட்டர் வரை தனியாக ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு அமெச்சூர் பந்தயத்தை ஓரமாக நின்று பார்த்தேன். தலை நரைத்தவர்கள் கூட்டமாகச் சீறிக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. வீட்டில் "இந்த வயசுல எதுக்கு இது" என்கிறார்கள். காலம் கடந்துவிட்டதா? புது சைக்கிள் வாங்க வேண்டுமா? எப்படிப் பயிற்சி செய்வது? கடைசியாக வந்து அவமானப்படுவேனோ என்ற பயமும் இருக்கிறது. நீங்களும் 50 வயதுக்குப் பிறகு பந்தயத்துக்கு வந்தவர் என்று எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காலம் கடந்துவிடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மற்ற கேள்விகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. நான்கு வருடமாக வாரம் 150 கிலோமீட்டர் ஓட்டும் கால்கள் ஆரம்பிப்பதற்குத் தாராளமாகப் போதும். எனக்குக் கவலை வேறு இடத்தில், அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. "தனியாக ஓட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான்.

நான் முதல் பந்தயம் ஓட்டியபோது எனக்கு 51. இரண்டு கிலோமீட்டர் சுற்றுப்பாதை, 15 சுற்று. தனியாக ஓட்டினால் என் வேகம் எவ்வளவு, அதை எத்தனை நிமிடம் தாங்குவேன் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். விசில் அடித்தார்கள், கூட்டம் கிளம்பியது, நானும் கிளம்பினேன், ஆனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் மோதிவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டே ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இரண்டு நீளம் நான்காகும், திருப்பம் முடிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்து எட்டிப் பிடிப்பேன், அடுத்த திருப்பத்தில் மறுபடியும் அதே கதை. ஆறாவது சுற்றில் எட்டிப் பிடிக்க முடியவில்லை. கூட்டம் என் கண்ணெதிரே சின்னதாகிக்கொண்டே போனது. முடிந்த பிறகு, 63 வயதில் அதே பந்தயத்தை முழுதாக ஓட்டி முடித்த ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க காலுக்கு ஒரு குறையும் இல்ல. நீங்க எங்களோட ரேஸ் ஓட்டல, காத்தோட ஓட்டினீங்க" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே கணக்காகவும் பார்க்கலாம். சமதரையில் வேகமாகப் போகும்போது உங்கள் பலத்தில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போய்விடுகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதைச் சமாளிக்கத் தேவையான சக்தி வேகத்தின் கனமாக, அதாவது மூன்றாம் அடுக்காக ஏறும். மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 40-க்குப் போக, காற்றுக்கு மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டிய சக்தி இரண்டே கால் மடங்குக்கும் மேல் ஆகிறது. ஆனால் இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் அரை மீட்டரில் ஒட்டிக்கொண்டால் ஏறக்குறைய கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். அந்த அளவு பலத்தை எந்தப் பயிற்சியாலும் ஒரு வருடத்தில் நம் வயதில் சேர்க்க முடியாது. பயத்தைக் குறைத்தால் சேர்க்கலாம். அதனால்தான் 63 வயதுக்காரர் முடிக்கிறார், 51 வயதுக்காரர் ஆறாவது சுற்றில் நின்றுபோகிறார்.

இதைக் கற்றுக்கொள்ள நம்பிக்கையான ஒரு துணை வேண்டும். வண்டி வராத நேரான சாலையில் அவர் ஒரே சீராக மிதிக்கட்டும், நீங்கள் பின்னால் ஒரு சைக்கிள் நீளத்தில் ஆரம்பியுங்கள். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அரை மீட்டருக்கு வாருங்கள். சக்கரத்தையே முறைத்துப் பார்க்காதீர்கள், பார்த்தால் உடம்பு இறுகிவிடும். அவர் இடுப்பையும், தோளைத் தாண்டித் தெரியும் சாலையையும் பாருங்கள். முழங்கை மடங்கியே இருக்கட்டும். கிட்டே போய்விட்டால் பிரேக் பிடிக்காமல், மிதிப்பதை ஒரு கணம் நிறுத்துங்கள், இல்லையென்றால் நிமிர்ந்து உட்காருங்கள், காற்றே உங்களைப் பின்னுக்குத் தள்ளும். நீங்கள் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் இன்னும் அழுத்திப் பிடிப்பார், அவருக்குப் பின்னால் வருகிறவர் விழுவார்.

எனக்கு உண்மையிலேயே இது பிடிபட்டது ஒரு சத்தத்தால். முன்னால் போகிறவர் மிதிப்பதை நிறுத்தினால் அவருடைய பின்சக்கரத்து ஃப்ரீவீல் கிர்ர்ர் என்று ஒலிக்கும். மிதிக்கும்வரை சத்தம் இல்லை, நிறுத்தினதும் சத்தம். அதைக் கேட்டதும் என் காலும் தானாக நிற்கப் பழகிவிட்டது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். ஒரு மாலையில் 20 கிலோமீட்டர் அப்படிப் பின்னால் ஓட்டிவிட்டு இறங்கியபோதுதான் கவனித்தேன், விரல்கள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கவே இல்லை. அன்றைக்குத்தான் பந்தயம் ஓட்டலாம் என்று நம்பினேன்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். உங்கள் முன்சக்கரத்தை அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைய விடாதீர்கள். அவர் லேசாக ஒதுங்கி இரண்டும் உரசினால் அவர் பெரும்பாலும் தப்பித்துவிடுவார், நீங்கள் தரையில் கிடப்பீர்கள். சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு அதிகம் உடைவது காறை எலும்பு. இளைஞர்களுக்கு ஆறு வாரத்தில் கூடுவது நமக்கு இன்னும் தாமதமாகும். புல்தரையில், நடக்கிற வேகத்தில், துணையோடு தோளோடு தோள் உரசிக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். விழுந்தாலும் புல்தான். நான்கு முறை செய்தால், கூட்டத்தில் யாராவது இடிக்கும்போது பதறமாட்டீர்கள்.

அப்புறம், கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி ஓட்டினால் பாதுகாப்பு என்று எல்லோருமே ஆரம்பத்தில் நினைக்கிறோம். குறுகிய சுற்றுப்பாதையில் அதுதான் ரொம்பக் கஷ்டமான இடம். முதலில் போகிறவர் திருப்பத்தில் கொஞ்சம் வேகம் குறைத்தால், அது பின்னுக்குப் பின்னாகப் பெருகி, கடைசி ஆள் கிட்டத்தட்ட நின்று மறுபடி பாய வேண்டியிருக்கும். 15 சுற்று, சுற்றுக்கு நான்கு திருப்பம் என்றால் 60 பாய்ச்சல். முன் பாதிக்குள் இருந்தால் அதில் பெரும்பாலானவை வேண்டாம்.

உடம்பைப் பற்றி. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் முன் இதய டாக்டரைப் பார்த்து ஈசிஜியும் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நன்றாகத்தானே ஓட்டுகிறேன் என்று தோன்றும். தனியாக ஓட்டும்போது முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துவிடுகிறோம், பந்தயத்தில் குறைக்க மனசு வராது, அதுதான் வித்தியாசம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அது இதயத்துடிப்பை அடக்கிவைக்கும், துடிப்பை வைத்துப் போடும் பயிற்சிக் கணக்கு எதுவும் பொருந்தாது, டாக்டரிடம் கேளுங்கள். 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேல்கூட மாறும். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சிரைப்பு வந்தால் அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும்.

வீட்டில் சொல்வதைத் தடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்களுடைய பயம் நியாயமானது. அந்தப் பரிசோதனை முடிவை அவர்களிடமே கொடுங்கள். எப்படி விழாமல் ஓட்டப் பழகுகிறீர்கள் என்பதையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். என் வீட்டில் நிலைமை மாறியது அதற்குப் பிறகுதான்.

பயிற்சிக்கு வருகிறேன். ரொபேர் மர்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1911-இல் பிறந்தவர், பல பத்தாண்டுகள் சைக்கிளை விட்டுவிட்டு 60 வயதைத் தாண்டிய பிறகு மறுபடி ஏறியவர். 2012-இல் 100 வயதில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 2014-இல், 102 வயதில், அதையே 26.927 கிலோமீட்டராக உயர்த்தினார். எனக்கு முக்கியம் அந்த இடைவெளியில் நடந்ததுதான். உடலியல் ஆய்வாளர் வெரோனிக் பியா அவருக்குப் பயிற்சித் திட்டம் போட்டு அளந்தார், 101-க்கும் 103-க்கும் இடையில் அவர் உடம்பு அதிகபட்சமாக உபயோகிக்கக்கூடிய ஆக்சிஜன் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35-க்கு ஏறியிருந்தது. வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர், அதில் 80 சதவீதம் இலேசாக, 20 சதவீதம் கடுமையாக. அவ்வளவுதான் திட்டம். தொழில்முறை வீரர்களின் கதைகளைவிட இதுதான் நமக்கு உதவும், ஏனென்றால் இலேசாக என்பதை அவர் உண்மையிலேயே இலேசாக ஓட்டினார்.

நாம் செய்கிற தப்பு அங்கேதான். எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில், வேர்க்க வேர்க்க, ஆனால் எதற்கும் பயனில்லாமல் ஓட்டுகிறோம். இலேசான நாளில் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். கடுமையான நாளில் நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் மெதுவாக, நான்கு முறை, அதற்கு மேல் வேண்டாம். பந்தயம் நெருங்கும்போது 15 விநாடிப் பாய்ச்சல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், திருப்பத்திலிருந்து வெளியே வருவது அப்படித்தான் இருக்கும். ஒரு கடுமையான நாளுக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். வாரத்துக்கு இத்தனை என்று திட்டம் போடுவதைவிட பத்து நாள் சுற்றாகப் போட்டால் இந்த வயதுக்குச் சரியாக வருகிறது. நான் அதை ஏற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது, அந்த இரண்டு வருடமும் எப்போதும் சோர்வாகவே இருந்தேன்.

எடைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். வயதாகும்போது வேகமாகப் பாயும் தசைநார்கள்தான் முதலில் குறைகின்றன. சைக்கிள் உடம்பின் பாரத்தை எலும்பில் ஏற்றுவதில்லை, அதனால் எவ்வளவு ஓட்டினாலும் எலும்பு வலுக்காது. வாரத்துக்கு இரண்டு நாள், பாரம் தூக்கி உட்கார்ந்து எழுவது போன்ற நான்கைந்து பயிற்சிகள் போதும். மூட்டு வலி இருந்தது என்று சொல்கிறீர்கள், ஆகவே முதலில் ஒரு பிசியோவிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

புது சைக்கிள் வேண்டாம். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ போட்டி சைக்கிளுக்குக் குறைந்தபட்ச எடையாக 6.8 கிலோ வைத்திருக்கிறது, அதை எட்டுவதற்காகச் செலவழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சமதரையில் ஒரு கிலோ இரண்டு கிலோ வித்தியாசத்தை நீங்கள் உணரமாட்டீர்கள். நல்ல டயர், தேயாத செயின், பிடித்தால் நிற்கிற பிரேக், உங்கள் கழுத்துக்கும் இடுப்புக்கும் பொருத்தமான ஹேண்டில்பார் உயரம், இவை போதும். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் பல இடங்களில் கிளம்பவே விடமாட்டார்கள், விழுந்தால் அந்தக் குழாய்முனை சதையைக் கிழித்துவிடும்.

எந்தப் பந்தயத்தில் தொடங்குவது? முதலில் ஒரு டைம் ட்ரையல். ஒவ்வொருவராக இடைவெளி விட்டுக் கிளம்புவார்கள், யார் பின்னாலும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் விதி, அதனால் கூட்டத்தைப் பற்றிய கவலை இல்லாமல் எண் வாங்குவது, கிளம்புவது, பதற்றத்தில் முதல் இரண்டு நிமிடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் இருப்பது எல்லாம் பழகிவிடும். துணையோடு பழகி அரை மீட்டர் இயல்பான பிறகு, மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்தவர்களுக்கான வயதுப் பிரிவில் ஒரு சுற்றுப்பாதைப் பந்தயம். யூசிஐ கணக்கில் 30 வயதிலிருந்தே மாஸ்டர்ஸ்தான், உள்ளூர்ப் பந்தயங்களில் வயதை ஐந்து வருடம், பத்து வருடமாகப் பிரித்திருப்பார்கள். புதியவர்கள் பிரிவு எளிது என்று இளைஞர்களோடு சேர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், அங்கே எல்லோருக்குமே அனுபவம் குறைவு, கூட்டம் தாறுமாறாக ஓடும். வயதுப் பிரிவில் வேகம் அதிகமாகவே இருக்கும், 20 வயதிலிருந்து ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள், ஆனால் நேர்கோட்டில் ஓட்டுவார்கள். அவர்கள் பின்னால் இருப்பது பாதுகாப்பு.

கடைசியாக வருவது பற்றிக் கேட்டீர்கள். சுற்றுப்பாதையில் கூட்டம் உங்களை ஒரு சுற்று முந்தும் நிலை வந்தால் நடுவரே உங்களை வெளியே எடுத்துவிடுவார். அது தண்டனை இல்லை, கூட்டம் தடையில்லாமல் போவதற்கான ஏற்பாடு. எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது. ஓரமாக வந்து நின்றால் அங்கே ஏற்கெனவே நான்கு பேர் நிற்பார்கள், ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார், எந்தத் திருப்பத்தில் கூட்டத்தை விட்டீர்கள் என்று கேட்பார். சிரிக்கிற ஆளை நான் இதுவரை அங்கே பார்த்ததில்லை. நின்ற அத்தனை பேரும் அந்த இடத்தைக் கடந்து வந்தவர்கள்தான்.

எண் அட்டையை முந்தின இரவே சட்டையில் குத்தி வைத்துவிடுங்கள், நான்கு மூலைக்கும் ஊசி, ஓரங்களுக்கு இன்னும் இரண்டு, காற்றில் படபடக்கக் கூடாது. ஓடி முடித்ததும் எழுதுங்கள். எத்தனையாவதாக வந்தீர்கள் என்பதை விட்டுவிட்டு, எந்தச் சுற்றில், யாருடைய சக்கரத்தை, எவ்வளவு இடைவெளியில் விட்டீர்கள் என்று எழுதுங்கள். அதை வைத்து அடுத்தது பேசலாம்.

அன்புடன்.