வேன் கூட வரும் நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் முதல் முறையாகச் சேரப் போகிறேன். எதைப் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தயாராவது?

நான் பாளையங்கோட்டைக்காரி, வயது 38. முழு நாட்டையும் நான் சைக்கிளில் கடந்தவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநகரில் கிளம்பி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை வந்த ஒரு குழுவில், பெங்களூரில் போய்ச் சேர்ந்துகொண்டேன். மொத்தச் சாலை 3,700 கிலோமீட்டருக்கு மேல். அதில் என் பங்கு ஏறக்குறைய 680, ஏழு நாள். எனக்குக் கிடைத்த லீவு அவ்வளவுதான். அதற்கு முன்னால் வேறொரு குழுவோடு நான்கு நாள் போய்ப் பட்டிருக்கிறேன். இந்த இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

பாதையைப் பார்த்துச் சேராதீர்கள். வேன் எப்படி ஓடும் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். கடைசியாக வருகிற ஆளை அந்தக் குழு எப்படி நடத்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் பயணத்தில் எனக்கு இது தெரியாது. திரும்பி வரும் கடைசி நாள். கயத்தாறு தாண்டி, கங்கைகொண்டானுக்கு முன்னால், பின் டயர் பஞ்சர். மணி ஆறரை, இருட்டிவிட்டது. வேன் எங்கே என்று போன் செய்தால், எல்லோரும் வந்தாச்சு என்று நினைத்துத் திருநெல்வேலியில் ரூமுக்குப் போய்விட்டார்களாம். என்னிடம் மாற்று ட்யூப் இருந்தது, காற்றடிக்கும் பம்ப் வேனில் இருந்தது. லாரிகள் சீறிக்கொண்டு போகிற ரோட்டில், கையில் போன் வெளிச்சத்தோடு தள்ளிக்கொண்டே நடந்தேன். ஒரு டீக்கடை அண்ணாச்சிதான், "ஏம்மா, ஒத்தையிலயா வந்திய? உள்ள வந்து உக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். அப்பா பைக்கில் வந்து சேரும்வரை அவர் கடையைச் சாத்தவில்லை. அந்தக் குழுவின் பெயர் வேண்டாம். கெட்டவர்கள் இல்லை, ஆனால் தலையை எண்ணும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

இரண்டாவது குழுவில் இரண்டு வண்டிகள். ஒரு வேன், ஒரு சின்ன லோடு வண்டி. காலை ஐந்து மணிக்குள் பையைக் கட்டி லோடு வண்டியில் போட்டுவிட வேண்டும். ஆளுக்கு ஒரே பை, அதிலும் 12 கிலோவுக்கு மேல் கூடாது. அது நேராக ராத்திரி தங்கும் ஊருக்குப் போய்விடும். வேன் மட்டும் 20, 25 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னால் போய் ஓரமாக நிற்கும். தண்ணீர், உப்பு போட்ட மோர், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாம் அதில் இருக்கும். மெக்கானிக்கும் அங்கேதான். மழையில் நனைந்த செயினுக்கு எண்ணெய் விடுவது, தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றுவது, தளர்ந்த ஸ்போக்ஸை முறுக்குவது எல்லாம் நாம் மோர் குடித்து முடிப்பதற்குள் நடந்துவிடும். கடைசி ஆளுக்குப் பின்னால் ஸ்வீப் என்று ஒருவர் வருவார். அவரை முந்தவிடவே கூடாது, அவரும் யாரையும் முந்த மாட்டார். அவர் வந்து நோட்டில் டிக் போட்ட பிறகுதான் வேன் அடுத்த இடத்துக்கு நகரும். இது ஒன்று ஒழுங்காக இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கென்று ஒன்று. வேன் எங்கெங்கே நிற்கும், அங்கே கழிவறை இருக்கிறதா என்பதை முதல் போனிலேயே கேளுங்கள். கூச்சப்படவே வேண்டாம். இந்தக் குழு பெட்ரோல் பங்க்குகளாகப் பார்த்து, முந்தின நாளே ஆள் போய் உறுதி செய்துவிட்டு நிறுத்தினார்கள். முதல் குழுவில் அது இல்லாததால் நான் தண்ணீரே குடிக்காமல் ஓட்டினேன். மத்தியானம் தலைவலி, மறுநாள் காய்ச்சல். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு 100 கிலோமீட்டர் ஓட்ட முடியாது.

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் இறக்கம் இருக்கிறது. லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்தாவதற்குப் பெயர் போன இடம். அங்கே எங்கள் ஒருங்கிணைப்பாளர் எல்லோரையும் நிறுத்தி, சைக்கிளோடு இரண்டு நடையாக வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் விட்டார். காஷ்மீரிலிருந்து ஒரு கிலோமீட்டர் விடாமல் ஓட்டி வந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது, இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். எனக்கு அன்றைக்குத்தான் அந்த மனிதர் மேல் முழு நம்பிக்கை வந்தது. உங்கள் குழுவிடமும் கேட்டுப் பாருங்கள்: "எந்தெந்த இடத்தில் ஓட்ட விடமாட்டீர்கள்?" அப்படி ஓர் இடமும் இல்லை என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

காலமும் முக்கியம். காஷ்மீரில் பனி விழுவதற்கு முன் கிளம்ப வேண்டும், நடு இந்தியாவில் மழை ஓய்ந்திருக்க வேண்டும். அதனால் செப்டம்பர் கடைசியில் புறப்பட்டார்கள். நம் பக்கம் வரும்போது ஐப்பசி அடைமழைதான். ஆனால் வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளுகிறது, தெற்கே போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

இதே சாலையில் ஆடி மாதம் போய்ப் பாருங்கள், வேறு கதை. நான் பயிற்சி எடுத்ததே அந்தக் காற்றில்தான். நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வரை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு நுழைந்து அடிக்கிறது, அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். தெற்கே போகும்போது காற்று வலது பக்கமிருந்து தள்ளும், மண்ணில் இறக்கிவிடப் பார்க்கும். நாம் உடம்பை வலது பக்கம் சாய்த்துத் தாக்குப்பிடித்துக்கொண்டு போவோம். அந்த நேரத்தில் ஒரு பஸ் பக்கத்தில் வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். சாய்ந்திருந்த உடம்பு பஸ் பக்கமே போகும். பஸ் கடந்ததும் மறுபடி ஓங்கி ஓர் அறை. திரும்பி வடக்கே வரும்போது இன்னும் மோசம், காற்று இடது பக்கமிருந்து நம்மை ரோட்டு நடுவுக்கே தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் இன்னும் ஆடும். கையைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, பின்னால் கனமான வண்டிச் சத்தம் கேட்டதுமே நிமிர்ந்துவிட வேண்டும். இது ஒருவர் சொல்லி வருவதில்லை, ஓட்டித்தான் வரும். குழுவாகப் போகும்போது முன்னால் போகிறவரின் மறைப்பில் போனால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம் என்பார்கள். உண்மைதான், ஆனால் பக்கக் காற்றில் நேர் பின்னால் போனால் மறைப்பு கிடைக்காது. காற்று வலமிருந்து வந்தால் சற்று இடதுபுறம் ஒதுங்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் அதற்கு இடம் கிடையாது. அதனால் அங்கே மறைப்பை மறந்துவிட்டு ஒற்றை வரிசையில் இடைவெளி விட்டுப் போவதுதான் நல்லது.

பயிற்சிக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். வாரநாளில் இரண்டு நாள் 25 கிலோமீட்டர். சனிக்கிழமை அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போய்த் திரும்புவது, ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் போய்த் திரும்புவது. ஒரே நாளில் 150 ஓட்டிக் காட்டுவதைவிட, அடுத்தடுத்த இரண்டு நாள் நூறு நூறாக ஓட்டுவதுதான் உதவும். முதல் நாள் யாராலும் முடியும், மறுநாள் காலை அதே சீட்டில் திரும்ப உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது. பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் இரண்டு வாங்குங்கள், உள்ளாடை இல்லாமல் போடுங்கள், உராயும் இடத்தில் வாசலின் தடவுங்கள். தினமும் துவைத்துக் காயப்போட வேண்டும், மழைக்காலத்தில் காயாது, அதனால்தான் இரண்டு.

சைக்கிள் எது என்று நிறைய யோசிக்காதீர்கள். கியர் இருக்க வேண்டும், டயர் ரொம்பத் தடியாக இருக்கக் கூடாது, உங்கள் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். நான் ஓட்டப் பழகியதே பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிளில்தான். அந்தக் கனத்தில் பழகிய காலுக்கு மற்றதெல்லாம் லேசு.

சீட் உயரத்தை மட்டும் கிளம்புவதற்கு முன் சரிசெய்துவிட்டு, அப்புறம் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஓசூர் தாண்டி மழையில் வழுக்கியதும் பயந்துபோய், கால் தரையில் எட்டட்டும் என்று சீட்டை இறக்கினேன். மூன்றாம் நாளிலிருந்து முட்டியின் முன்பக்கம் வலி. சீட் தாழ்வாக இருந்தால் முட்டி அதிகம் மடங்கி முன்பக்கம்தான் வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் கரூர், திண்டுக்கல், விருதுநகர் என்று ஓட்டிவிட்டேன்.

ஆறாம் நாள் எங்கள் ஊருக்கு வரும் நாள். கோவில்பட்டியில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கலாம் என்று ரோட்டை விட்டு இறங்கியதும் கரிசல் மண் அப்பி, டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் அடைத்து, சக்கரம் சுற்றவே இல்லை. குச்சியால் நோண்டி எடுக்கக் குனிந்தபோது முட்டி மடங்க மறுத்தது. கயத்தாறில், 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊரில், வேன் நின்றது. பஞ்சாப்காரர் ஒருவர் நினைவிடத்தைக் காட்டி யார் என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் கண்ணீர் வந்துவிட்டது, கட்டபொம்மனுக்காக இல்லை. வீட்டுக்கு இன்னும் 30 கிலோமீட்டர்கூட இல்லை.

வேன் ஓட்டுநர் நாமக்கல்காரர். அவர் என் சைக்கிளை வாங்கி மேலே கட்டிக்கொண்டே, "ஏறிக்குங்க அம்மிணி. நாளைக்குக் கடல் பாக்கோணுமில்லீங்களா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஏறினேன். வண்ணார்பேட்டையில் அம்மாவும் மகனும் நிற்பார்கள். தச்சநல்லூரில் இறக்கிவிடச் சொல்லி அங்கிருந்து மட்டும் ஓட்டலாமா என்று வழியெல்லாம் நினைத்தேன், கேட்கவில்லை. வேனிலிருந்து இறங்கியதும் அம்மா, "ஏட்டி, காலு என்னட்டி ஆச்சு?" என்று குனிந்து முட்டியைத்தான் தொட்டாள். மகன் சைக்கிளில் ஒட்டியிருந்த கரிசல் மண்ணைப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி மெக்கானிக் சீட்டை மூன்று விரற்கடை உயர்த்தினார். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு வலி இல்லை என்றார். வலியை மறைக்காதீர்கள் என்று உங்களுக்கும் சொல்கிறேன், அங்கே யாரும் குறைவாகப் பார்க்கப் போவதில்லை. பார்க்கிற குழுவாக இருந்தால் அது உங்களுக்கான குழு இல்லை.

மறுநாள் கன்னியாகுமரி, 85 கிலோமீட்டர். மெதுவாக, ஸ்வீப்போடு கடைசியில் ஓட்டினேன். எனக்கு முன்னால் 64 வயதுப் பெரியவர் ஒருவர், ஸ்ரீநகரிலிருந்தே பெரும்பாலும் கடைசியாக வந்தவர். நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு, ஆடியில் என்னைத் தள்ளிய அதே ரோடு, அன்றைக்குக் காற்றே இல்லை. ஊருக்குள் நுழையும் இடத்தில் மற்ற பதினாறு பேரும் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வந்தவர் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் கடலைப் பார்க்கப் போகவில்லை. பெரியவர் வந்து சேர்ந்ததும் எழுந்து, அவரை முன்னால் விட்டு, எல்லோரும் அவர் வேகத்திலேயே கடற்கரை வரை ஓட்டினோம். வேன் பின்னால் வந்தது.