13 வெற்றி, 7 தொகுதி: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே மனிதரைச் சுற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கே முழு இடமும் கொடுத்துவிட்டேன்.

கலைஞர் கருணாநிதி தேர்தலில் தோற்றதே இல்லை என்கிறார்களே, உண்மையா? மேடைப் பேச்சு வேண்டாம், கணக்கு சொல்லுங்கள்.
- சேலம் வாசகர்

உண்மைதான். 13 முறை சட்டமன்றத்துக்கு நின்றார், 13 முறையும் ஜெயித்தார். 1957-இல் குளித்தலை, 1962-இல் தஞ்சாவூர், 1967-இலும் 1971-இலும் சைதாப்பேட்டை, 1977-இலும் 1980-இலும் அண்ணாநகர், 1989-இலும் 1991-இலும் துறைமுகம், 1996, 2001, 2006 மூன்றும் சேப்பாக்கம், 2011, 2016 இரண்டும் திருவாரூர். முதல் தேர்தலில் அதிகாரப்பூர்வக் கணக்கில் அவர் சுயேச்சை, ஏனென்றால் திமுக அப்போது அங்கீகாரம் பெற்ற கட்சியே இல்லை.

ஆனால் 13-ஐ மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த 13-ஐப் பிரித்துப் பாருங்கள். அவர் ஜெயித்தபோது கட்சியும் ஜெயித்து ஆட்சி அமைத்தது ஐந்தே முறை: 1967, 1971, 1989, 1996, 2006. மற்ற எட்டு முறையும் கட்சி எதிர்க்கட்சி வரிசையில்தான். ஊர் முழுக்க அலை அடிக்கும்போது அந்தப் பக்கமே நின்று ஜெயிப்பது ஒரு வகை, அலை எதிரே வரும்போது தன் தொகுதியை மட்டும் காப்பாற்றிக்கொள்வது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை வெற்றி எட்டு முறை என்பதுதான் என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

பெரிய தலைவர்கள் எல்லாருக்கும் இது வாய்க்கவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1962-இல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். அதே தேர்தலில்தான் கருணாநிதி தஞ்சாவூரில் காங்கிரஸின் பரிசுத்த நாடாரை 1,928 வாக்கில் வென்றார். 1967-இல் விருதுநகரில் காமராஜர் தோற்றார், அப்போதைய முதல்வர் பக்தவத்சலமும் தோற்றார். 1996-இல் முதல்வராக இருந்துகொண்டே பர்கூரில் ஜெயலலிதா தோற்றார். எம்.ஜி.ஆர். தோற்றதில்லை, ஆனால் அவர் நின்றது ஐந்து பொதுத் தேர்தல்கள்.

தோற்காதவர் சரி, தோல்விக்கு மிக அருகில் போனது எப்போது?
- கும்பகோணம் வாசகி

இரண்டு முறை. 1980-இல் அண்ணாநகர், 699 வாக்கு. 1991-இல் துறைமுகம், 890 வாக்கு.

1980 கதை விசித்திரமானது. அந்த ஆண்டு ஜனவரி மக்களவைத் தேர்தலில் திமுகவும் இந்திரா காங்கிரஸும் இருந்த கூட்டணி தமிழ்நாட்டில் 39-இல் 37 இடங்களை அள்ளியது. அந்தச் சூட்டிலேயே பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிகளும் இடங்களை ஏறத்தாழ சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன, ஆக, ஜெயித்தால் யார் ஆட்சி என்ற குழப்பம் மக்களுக்கு வந்துவிட்டது, ஒரு ஆட்சியை அநியாயமாகக் கலைத்துவிட்டார்கள் என்ற கோபமும் அதோடு சேர்ந்துகொண்டது. அதிமுக மட்டும் 129 இடம், திமுக 37. அந்த எதிர்க்காற்றில் அண்ணாநகரில் அவரை எதிர்த்தவர் டாக்டர் ஹெச்.வி. ஹண்டே. 1977-இல் அதே தொகுதியில் 16 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்ற கருணாநிதி, மூன்றே ஆண்டில் 699-க்கு இறங்கிவிட்டார். தோற்ற ஹண்டே பிறகு எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சர் ஆனார்.

1991 அதைவிடக் கடினம். ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது, மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார், அடுத்த மாதம் வாக்குப்பதிவு. திமுகவுக்குக் கிடைத்தது மொத்தமே இரண்டு இடம், துறைமுகமும் எழும்பூரும். 1989-இல் இதே துறைமுகத்தில் அவருக்குக் கிடைத்த வித்தியாசம் 31,991 என்பதை வைத்துப் பார்த்தால்தான் அந்த 890-இன் கனம் தெரியும். ஜெயித்த கையோடு, கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று அந்தப் பதவியையும் விட்டுவிட்டார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படியொரு காலத்தில் அவரை நம்பி ஓட்டுப் போட்ட துறைமுகத்து மக்களுக்கு அது நியாயமா என்றால், இல்லை என்றே சொல்வேன்.

தொகுதி மாறி மாறி நின்றதால்தான் தோற்கவில்லை, ஒரே இடத்தில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும் என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்து?
- குளித்தலை வாசகர்

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. தஞ்சாவூரில் 1,928, அடுத்த தேர்தலில் சைதாப்பேட்டை. அண்ணாநகரில் 699, அடுத்து துறைமுகம். துறைமுகத்தில் 890, அடுத்து சேப்பாக்கம். வித்தியாசம் சுருங்கினால் இடத்தை மாற்று என்று ஒரு ஒழுங்கு இதில் தெரியத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2001-இல் சேப்பாக்கத்தில் 4,834-க்கு வித்தியாசம் குறைந்த பிறகும் 2006-இல் அங்கேயேதான் நின்றார், வித்தியாசம் 8,526 ஆனது. அப்புறம் அண்ணாநகர் என்ற தொகுதியே 1977-இல்தான் முதல்முறையாகத் தேர்தலைச் சந்தித்தது. ஆகவே எல்லா மாற்றத்தையும் பயம் என்று ஒரே மூட்டையில் கட்ட முடியாது.

எனக்கு இருக்கிற குறை வேறு. நீங்கள் குளித்தலைக்காரர் என்பதால் சொல்கிறேன். பக்கத்து நங்கவரத்து விவசாயிகள் பிரச்சினையைப் பற்றித்தான் 1957-இல் அவர் சட்டமன்றத்தில் முதன்முதலாகப் பேசினார். ஒரு இளம் உறுப்பினர் தன் தொகுதிக் குத்தகை விவசாயிக்காகப் பேசித் தொடங்குவது எவ்வளவு நல்ல தொடக்கம்! அந்த உறவு ஐந்தே ஆண்டில் முடிந்துவிட்டது. ஒரே ஊரில் இருபது முப்பது ஆண்டு இருந்து, அந்த ஊரின் வாய்க்காலும் ரோடும் பள்ளிக்கூடமும் மாறுவதைப் பார்த்து, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் நிற்கிற அனுபவம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. மாநிலம் முழுக்கச் சுற்ற வேண்டிய தலைவருக்குச் சென்னைத் தொகுதி வசதிதான், அந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது.

1984-இல் பயந்துபோய் நிற்கவில்லை என்பது சரியா?
- வேலூர் வாசகர்

சரியில்லை. 1983 ஆகஸ்டிலேயே, இலங்கைத் தமிழர் பிரச்சினையை முன்வைத்து, அவரும் பேராசிரியர் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டுவிட்டார்கள். 1984-இல் கருணாநிதி தமிழ்நாடு சட்ட மேலவை உறுப்பினர் ஆனார், அந்த டிசம்பரில் பேரவைக்கு நிற்கவில்லை. இந்திரா காந்தி படுகொலை, எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் என்று இரண்டு காரணங்களால் அனுதாபம் கரைபுரண்ட தேர்தல் அது, நின்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஆனால் பதவியை விட்டது அந்தத் தேர்தலுக்கு ஓராண்டுக்கும் முன்பே.

சொந்த ஊர்ப் பக்கம் திருவாரூருக்குக் கடைசியில்தான் வந்தார். அதுவரை ஊரை மறந்திருந்தாரா?
- மன்னார்குடி வாசகி

மறக்கவில்லை அம்மா, நிற்க வழியில்லை. திருவாரூர் நீண்ட காலம் தனித் தொகுதி, அதாவது பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்கக்கூடிய தொகுதி. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு 2011-இல்தான் பொதுத் தொகுதியாகத் தேர்தலைச் சந்தித்தது. அதே மறுசீரமைப்பில் பழைய சேப்பாக்கம் தொகுதியும் உருமாறி சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி ஆகிவிட்டது. திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்தவர், 86 வயதில் அங்கே வேட்பாளர் ஆனார்.

அந்த 2011-இல் திமுகவுக்கு வெறும் 23 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவிகூட 29 இடம் பிடித்த தேமுதிகவின் விஜயகாந்துக்குப் போய்விட்டது. ஆனால் திருவாரூர் அவருக்கு 50,249 வாக்கு வித்தியாசம் கொடுத்தது. 2016-இல் 68,366, அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே பெரிய வித்தியாசம் அதுதான். அப்போதும் ஆட்சி அதிமுகவுக்கே. 2018 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இறந்தபோது அவர் திருவாரூர் உறுப்பினர்.

கேரளத்தில் கே.எம். மாணி இதைவிடப் பெரிய சாதனை என்கிறார்கள் எங்கள் பக்கம்.
- நாகர்கோவில் வாசகர்

எண்ணிக்கை ஒன்றுதான். கேரள காங்கிரஸ் (எம்) கட்சித் தலைவராக இருந்த மாணியும் 13 முறை வென்றவர், 1965 முதல் 2016 வரை. வித்தியாசம் என்னவென்றால் 13-உம் ஒரே பாலா தொகுதியில். இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு மாணிக்குத்தான், ஏனென்றால் அரை நூற்றாண்டு ஒரே மக்களிடம் திரும்பத் திரும்பப் போய் நின்று, திரும்பத் திரும்ப அனுமதி வாங்குவது சாதாரணமில்லை. அதே சமயம் மாணி தன் கட்சி வலுவாக இருந்த மண்ணில் நின்றவர், கருணாநிதி மாநிலம் முழுக்கப் போட்டியிட்ட ஒரு கட்சியின் சுமையையும் தூக்கிக்கொண்டு நின்றவர். இருவர் மறைவுக்குப் பிறகும் இரண்டு தொகுதிகளிலும் 2019-இல் இடைத்தேர்தல் நடந்தது. திருவாரூரைத் திமுக தக்கவைத்துக்கொண்டது, பாலா மாணியின் கட்சியை விட்டுப் போய்விட்டது.