பத்து மணிக் கூச்சல் (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க ஆகஸ்டில் வந்தேன். ஃப்ளோக்ஸ்டா விடுதியில் அறை. எங்கள் காரிடாரில் பன்னிரண்டு பேருக்கு ஒரே சமையலறை. இரண்டு மாதமாகியும் 'ஹேய்' என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. லிஃப்டில் எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் ராத்திரி பத்து மணியானால் அதே ஆட்கள் ஜன்னலைத் திறந்து ஓவென்று கத்துகிறார்கள்! நம் பையன்கள் நாலு பேருடன்தான் எனக்குச் சாப்பாடு, பேச்சு எல்லாம். நீங்களும் இங்கே படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஊர்க்காரர்களோடு நட்பாவது நடக்கிற காரியமா?

ம., உப்சாலா

அன்புள்ள ம.,

நீங்கள் கத்திப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லையே.

அந்தக் கூச்சல் 1970களிலிருந்து நடப்பது. ஏன் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்; பரீட்சை அழுத்தம் என்பது அதில் பிரபலமானது. இருட்டில் ஒருவன் கத்த, எதிர்க் கட்டடத்திலிருந்து முகம் தெரியாத ஒருத்தி பதிலுக்குக் கத்துகிறாள். வலியப் போய்ப் பேசினால் அடுத்தவருக்குத் தொந்தரவு என்று நினைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். சேர்ந்திருக்க அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். உப்சாலாவின் விநோத வழக்கங்களில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட சாக்குகள்தான் என்பது என் கட்சி.

வகுப்பு பத்து மணி என்று போட்டிருந்தால் 10.15க்குத்தான் தொடங்கும், கவனித்திருப்பீர்கள். 'அகாடமிக் கால் மணி'. நம்மவர்கள் இரண்டு நாளில் இதைக் கண்டுபிடித்து 10.14க்கு ஓடி வருவார்கள். நீங்கள் பத்துக்கே போய்க் காபி மெஷின் பக்கத்தில் நில்லுங்கள். அங்கே நிற்கிறவர்களுக்கும் வேறு வேலை இருக்காது.

அடுத்தது நேஷன்கள், அதாவது மாணவர் மன்றங்கள். 1477இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தில் இப்போது பதின்மூன்று மாணவர் நேஷன்கள் இருக்கின்றன. கால்மார், கோத்லாந்து, வெர்ம்லாந்து என்று ஸ்வீடனின் மாவட்டங்கள், ஊர்களின் பெயரில். 17ஆம் நூற்றாண்டில் வெளியூரிலிருந்து படிக்க வந்த பையன்கள் ஊர்வாரியாகக் கூடிக்கொண்டதுதான் தொடக்கம். ஆகவே உங்கள் நாலு பேர் கூட்டணிக்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்கள் செய்ததும் அதேதான். இன்று யாரும் எந்த நேஷனிலும் சேரலாம். 2010 வரை சேர்வது கட்டாயமாகவே இருந்தது.

நேஷனுக்குப் போனீர்களா என்று கேட்டால் எல்லாரும் போனேன் என்பார்கள். வெள்ளிக்கிழமை கிளப்புக்குப் போய், வரிசையில் நின்று, சுவரோரமாக நின்றுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அதில் பிரயோஜனம் இல்லை. சமையலறைப் பக்கமாக உள்ளே நுழையுங்கள். பப், மதியச் சாப்பாடு, ஃபீகா என்கிற காபி நேரம் எல்லாவற்றையும் நடத்துவது மாணவர்களே. பர்கர் போட, பாத்திரம் கழுவ, கோட் வாங்கி மாட்ட எப்போதும் ஆள் தேவை. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் வேலை செய்தவர்களுக்கென்று பிறகு ஒரு நன்றி விருந்து வைப்பார்கள். ஒரு மாலை முழுக்கப் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவினால் எந்த ஸ்வீடன்காரனும் வாய் திறந்துவிடுவான். பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்பதாலேயே பேசுவான். எனக்கு அங்கே கிடைத்த நெருங்கிய நண்பன் அப்படி வந்தவன்தான். முதல் வாரம் முழுக்க நாங்கள் பேசியது பாத்திரம் கழுவும் மெஷினின் அடைப்பைப் பற்றி.

காஸ்க் என்ற பெரிய விருந்துக்குக் கூப்பிட்டால் தவறவிடாதீர்கள். நீண்ட மேசை, நல்ல உடை, கையில் ஒரு பாட்டுப் புத்தகம். நாலு வாய் சாப்பிடுவதற்குள் யாராவது பாட்டை ஆரம்பிப்பார்கள், எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது என்று யோசிக்கவே நேரம் இருக்காது. மது வேண்டாம், சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடலாம்.

ஒரு விஷயத்தில் உங்கள் நிலைமை கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. 2011 இலையுதிர் பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் கட்ட வேண்டும். கடன் வாங்கிப் படிக்கிறவனுக்கு வெட்டியாக உட்கார்ந்து அரட்டை அடிக்கக் கை வராது. அதை மற்றவர்களின் குளிர்ந்த சுபாவம் என்று கணக்கெழுத வேண்டாம், சரியா?

அப்புறம், நாலு பேரும் சமைப்பது யார் காரிடாரில்? உங்களுடையதில் ஒரு நாள் வையுங்கள். கூட ஒரு டம்ளர் அரிசி போடுங்கள். யாரையும் அழைக்க வேண்டாம், தாளிக்கிற வாசனைக்கே இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். முக்கியமாக, உங்கள் சுத்தம் செய்யும் வாரம் வந்தால் அடுப்பைத் தேய்த்து வையுங்கள். அதில் ஏமாற்றினவனை அங்கே யாரும் மன்னிப்பதில்லை.

குளிர்காலம் முடிந்து ஏப்ரல் 30 அன்று, வசந்தத்தை வரவேற்கும் வால்போரி நாள் வரும். அன்று காலை ஃபியூரிஸ் ஆற்றில் மாணவர்கள் தெர்மாகோலும் மரக்கட்டையும் வைத்துத் தாங்களே கட்டிய தெப்பங்களில் இறங்குவார்கள். வழியில் இரண்டு சிறு அருவிகள். பல தெப்பங்கள் அங்கேயே உடைந்து, ஆட்கள் தண்ணீரில் விழுவார்கள், கரையில் கூட்டம் கைதட்டும். பொறியியல், அறிவியல் மாணவர்களின் சங்கம் நடத்துவது அது. கரையில் நின்று வீடியோ எடுக்கப் போகாதீர்கள். காரிடாரில் யாராவது குழு சேர்க்கிறார்களா என்று பிப்ரவரியிலேயே கேட்டு வையுங்கள். ஆணி அடிக்கத் தெரியும் என்று சொன்னால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். மாற்று உடை எடுத்துக்கொண்டு போங்கள். ஏப்ரல் கடைசியிலும் அந்தத் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும்.