மாத்திரை போட்டுக்கொண்டு போனேன்

அன்புள்ள அண்ணனுக்கு,

கோத்தகிரியில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் விடுதியில் மொத்தம் எட்டுப் பேர். கடந்த மே மாதம், சீசன் உச்சத்தில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. திங்கட்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தபோது உடம்பு கொதித்தது. எல்லா அறைகளும் நிரம்பியிருந்தன. நாற்பது பேருக்குக் காலைச் சிற்றுண்டி செய்ய வேண்டும். முதலாளிக்குப் போன் செய்து சொன்னேன். "இந்தக் குளிரில் யாருக்குத்தான் உடம்பு நன்றாக இருக்கிறது? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிடு" என்றார். போட்டுக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் விட்டது, மாலை வரை நின்று வேலை பார்த்தேன். புதன்கிழமை, என்னோடு காய்கறி நறுக்கும் அக்கா அதே உபாதையோடு படுத்துவிட்டார். என்னால்தான் என்று மற்றவர்கள் பேசுகிறார்கள். நான் போனது சரிதான், படுத்தால் உடம்பு இன்னும் கெடும் என்று என் அம்மா சொல்கிறார். வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதை விடியற்காலையில் எப்படி முடிவு செய்வது? அதற்கு அளவு ஏதாவது உண்டா? சுக்குக் காபி குடித்துவிட்டுப் போனால் போதும் என்கிறார்களே, அது உண்மையா?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள தங்கைக்கு,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்போக்கு இருந்த அன்று நீங்கள் சமையலறைக்குள் கால் வைத்திருக்கக் கூடாது. இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. பிறருக்குச் சமைப்பவர்கள், வயிற்றுப்போக்கும் வாந்தியும் முற்றிலும் நின்று 48 மணி நேரம் ஆன பிறகே அடுப்படிக்குத் திரும்ப வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் நெறி. நம் நாட்டிலும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011இல் வந்த விதிமுறைகள், நோயுள்ளவரையோ நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவரையோ உணவைக் கையாளும் இடத்தில் விடக்கூடாது என்கின்றன. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியவற்றை நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. நீங்கள் தெரிவித்தீர்கள். தெரிவித்த அந்த நிமிடமே பொறுப்பு உங்கள் முதலாளியின் தலைக்குப் போய்விட்டது. அவர் உங்களை வரச் சொன்னது தவறு. நீங்கள் போனதும் தவறுதான், ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ள தவறுகள் அல்ல.

அந்த அக்காவுக்கு உங்களிடமிருந்துதான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் முடியாது. ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்திருப்பீர்கள், மீந்த ஒரே குழம்பைச் சாப்பிட்டிருப்பீர்கள். இதைச் சொல்லி உங்களைத் தேற்றிவிட எனக்கு விருப்பமில்லை. உங்களிடமிருந்து வந்திருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. சுக்குக் காபி தொண்டைக்கு இதமானது, தாராளமாகக் குடியுங்கள். நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. படுத்தால் உடம்பு கெடும் என்று உங்கள் அம்மா சொல்வதை நான் இங்கே விவாதிக்கப் போவதில்லை. அவர் தலைமுறைக்கு யார் அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகியும் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அதில் இருந்த "போட்டுக்கொண்டு போனேன்" என்ற இரண்டு சொற்கள். இவற்றை நான் வாழ்நாள் முழுவதும் கேட்டு வருகிறேன். பேருந்து ஓட்டுநர் சொல்கிறார், பள்ளி ஆசிரியை சொல்கிறார், காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர் சொல்கிறார். எல்லோரும் அதைச் சற்றுப் பெருமையோடு சொல்கிறார்கள், கேட்பவர்களும் மெச்சித் தலையாட்டுகிறார்கள். தங்கையே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, சூடு இறங்கிய பிறகு, "இப்போது பரவாயில்லை, போகலாம்" என்று எடுக்கும் முடிவு முடிவே அல்ல. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. நாலு முதல் ஆறு மணி நேரம் வரை சூட்டையும் வலியையும் இறக்கி வைக்கிறது, அவ்வளவுதான். படுத்திருக்கும் உடம்புக்குச் சற்று இளைப்பாறுதல் தருவதற்காக ஏற்பட்ட மருந்து அது. நாமோ படுக்க வேண்டிய உடம்பை எழுப்பி நிறுத்துவதற்கு அதைப் பயன்படுத்துகிறோம். நீங்கள் அளவு கேட்டீர்கள். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் அது காய்ச்சல். அது விட்டுவிட்டதா என்று பார்ப்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, மாத்திரை எதுவும் போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது. மாத்திரை போட்டு இறங்கிய மணி நேரங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் அம்மா கொழுந்து பறித்தவர். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்படி வந்தவர்களுக்காகவே அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டத்தில் என் பெரியம்மாவுக்கு வேலை கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மா கோத்தகிரிப் பக்கம் பத்து ஏக்கர் வைத்திருந்த ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது நடைமுறையில் இருந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மருத்துவர் சான்று தந்தால் நோய்க்கால உதவித்தொகை தர வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டம் செல்லுபடியாவதற்குத் தோட்டம் 5 ஹெக்டேராவது இருக்க வேண்டியிருந்தது, 15 பேராவது வேலை செய்ய வேண்டியிருந்தது. பத்து ஏக்கர் என்பது நாலு ஹெக்டேர்தான். ஆகவே அம்மாவுக்குப் பேர் விழுந்தால் கூலி, விழாவிட்டால் இல்லை. தோட்டத்தில் வருகைப் பதிவைப் பேர் என்றே சொல்வார்கள். பாதி நாளில் திரும்பினால் அரைப்பேர். "பேரு விழுந்தாத்தான் சோறு விழும்" என்று என் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார்.

2004 ஐப்பசியில், தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்குப் பிறகு கொழுந்து நன்றாக எழும்பியிருந்த நேரம் அது. அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு, அந்தக் காசில்தான் எங்களுக்குத் துணி எடுக்க வேண்டும். காலையில் என்னை எழுப்பி, "ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வா, சாமி" என்றார். நான் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, பனி விலகாத பாதையில் மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்ன நோய், எத்தனை நாளாக என்று ஒரு சொல் கேட்டதில்லை. அட்டையைக் கத்தரியால் வெட்டி இரண்டு மாத்திரைகளை என் உள்ளங்கையில் வைப்பார். அம்மா ஒன்றைப் பால் விடாத தேநீரான சாயத்தண்ணியோடு விழுங்குவார், மற்றதை முந்தானையில் முடிந்துகொள்வார். மதியம் நிறுவைக்கு வந்து கொழுந்தைக் கொட்டும்போது அந்த முடிச்சை அவிழ்ப்பார். இது ஐந்து நாட்கள் நடந்தது. ஐந்து நாட்களும் பேர் விழுந்தது. நான் வாங்கி வந்த மாத்திரைகள் பத்து.

ஆறாம் நாள் காலையில் அவரால் எழ முடியவில்லை. மூச்சு வாங்கியது, கேட்டதற்குப் பொருந்தாத பதிலைச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமாவின் ஜீப்பில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெண் மருத்துவர், என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அம்மாவின் உடம்பு முழுவதையும் விளக்கு வெளிச்சத்தில் தேடியிருக்கிறார். பிறகு என்னை உள்ளே அழைத்துக் காட்டினார். கொழுந்து பறிப்பவர்கள் செடியின் ஈரமும் முள்ளும் படாமல் இருக்க இடுப்பில் படங்கு கட்டுவார்கள் அல்லவா, அதன் கயிறு ஆண்டுக்கணக்கில் அழுந்திக் கறுத்த தடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, பீடியால் சுட்டதுபோல ஒரு சிறிய கறுத்த பொருக்கு இருந்தது. அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். அம்மா அதைக் கயிறு உரசிய புண் என்று நினைத்திருந்தார். வலிக்கவில்லை, அதனால் எவரிடமும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணியின் குஞ்சு புதரிலிருந்து ஏறிக் கடித்த இடம் அது. கடித்து ஒரு வாரமோ பத்து நாட்களோ கழித்துத்தான் காய்ச்சல் வரும். ஸ்க்ரப் டைபஸ் என்றும் உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்கிளின் என்ற மலிவான மாத்திரையிலேயே இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கும். "ஐந்து நாள் என்ன செய்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். அவர் அம்மாவிடம்தான் கேட்டார், ஆனால் மாத்திரை வாங்கி வந்தவன் நான்.

அம்மா பிழைத்துக்கொண்டார். பதினொரு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார், தை பிறக்கும்வரை கூடையைத் தூக்க முடியவில்லை. ஐந்து நாள் கூலியைக் காப்பாற்றப் போய் இரண்டு மாதக் கூலி போயிற்று. இந்தக் கணக்கை நான் எவ்வளவோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். அவருடைய காய்ச்சல் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதல்ல என்பதால் அவர் நிரையில் நின்ற மற்றவர்களுக்கு எதுவும் வரவில்லை. உங்களுடையது அப்படிப்பட்டதல்ல. அதனால் உங்கள் மாத்திரை அம்மாவின் மாத்திரையைவிடக் கூடுதலான கேடு செய்யக்கூடியது என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பாஸ்டர் நிலையத்தை நாய்க்கடி மருந்துக்காக மட்டுமே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். 1907இல் அது தொடங்கப்பட்டதும் அதற்காகத்தான். ஆனால் 1957இல் புதிய இன்புளுவென்சா உலகெங்கும் பரவியபோது, இந்தியாவில் அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த மையம் அங்கேதான் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் நோயாளிகள் வந்து இறங்கினார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் கணக்கில் வந்தவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். இன்புளுவென்சா கண்டவர், காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்ற வைக்கிறார், முதல் மூன்று நாட்களில்தான் மிக அதிகமாக. அதாவது, "இன்னும் முடியாமல் போகவில்லை, ஒரு மாத்திரையில் சமாளித்துவிடலாம்" என்று நாம் நினைக்கும் அதே நாட்களில்.

இப்போது ஒரு கொடுமையைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் தொழிலாளிக்கு நோயுற்ற காலத்தில் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் புதிதாக நோய் கண்டால் முதல் இரண்டு நாட்களுக்கு அந்தப் பணம் கிடையாது. ஊரைக் காப்பாற்ற ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டிய நாட்கள் எவையோ அவற்றுக்குத்தான் கூலி இல்லை. பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுப்பார்கள் என்று அஞ்சி வைத்த விதியாக இருக்கலாம். அந்த அச்சத்துக்கான விலையை மெய்யாகவே காய்ச்சல் கண்டவர் கொடுக்கிறார். உங்கள் விடுதியில் எட்டுப் பேர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கு அந்தத் திட்டம்கூடக் கட்டாயமில்லை. என் அம்மா நாலு ஹெக்டேரில் இருந்தார், நீங்கள் எட்டுப் பேரில் இருக்கிறீர்கள். சட்டம் தொடங்கும் இடத்துக்கு ஓரடி கீழேயே நம் ஆட்கள் நிற்கிறார்கள்.

ஆகவே, விடியற்காலையில் எப்படி முடிவு செய்வது என்று நீங்கள் கேட்டதை நான் ஏற்கவில்லை. நாலரை மணி இருட்டில், குளிரில், உடம்பு கொதிக்கும்போது, கூலியையும் முதலாளியின் குரலையும் நாற்பது பேரின் இட்லியையும் மனத்தில் வைத்துக்கொண்டு எந்த மனிதராலும் சரியாக முடிவு செய்ய முடியாது. அதை உடம்பு நன்றாக இருக்கும்போதே பேசி வைக்க வேண்டும். சீசன் இப்போது முடிந்துவிட்டது, விடுதியில் கூட்டம் குறைந்திருக்கும். நீங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து முதலாளியிடம் போங்கள். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தவர் அன்று வரமாட்டார், அவர் கூலி பிடிக்கப்படாது, அவருக்குப் பதில் யார் அடுப்பில் நிற்பது என்ற முறை இன்னது என்று பேசி ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். முதலாளி முகம் சுளித்தால், உரிமம் அவர் பெயரில்தான் இருக்கிறது என்பதையும், நாற்பது விருந்தினரும் ஒரே நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால் யாரைத் தேடி வருவார்கள் என்பதையும் பணிவாகவே சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

மூன்று நாட்களைத் தாண்டி நீடிக்கும் காய்ச்சலோடு வீட்டிலும் சும்மா படுத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். தேயிலைச் செடிக்குள்ளோ புதருக்குள்ளோ போய் வருபவர் என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அக்குளிலும் இடுப்பிலும் மார்புக்குக் கீழேயும் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று வீட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். முதலாளி சொன்னது இருக்கிறது, அம்மா சொன்னது இருக்கிறது, மற்றவர்கள் பேசுவது இருக்கிறது. காய்கறி நறுக்கும் அந்த அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்பது மட்டும் இல்லை. அவரை வீட்டில் போய்ப் பார்த்தீர்களா? அவர் படுத்திருந்த நாட்களுக்குக் கூலி கொடுத்தார்களா, பிடித்துக்கொண்டார்களா? கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்